கப்பல் ஏட்டில் ஒரு வரி: கொடிவழி தேடும் வேலைக்கு நம் பிள்ளைகள் வர வேண்டும்

மூன்று வருடத்துக்கு முன்னால் டர்பனிலிருந்து ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வயது அறுபதுக்கு மேல். தமிழில் "அம்மா", "சோறு", "போடா" மட்டும் தெரியும் என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு ஏட்டின் நகல். நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலிலிருந்து ஒரே ஒரு வரி. ஒரு எண். பெயர். அப்பன் பெயர். வயது 22. சாதி. ஜில்லா வட ஆற்காடு. தாணா. கிராமம். உயரம். கடைசியாக அங்க அடையாளம்: கன்னத்தில் தழும்பு.

அது அவருடைய பூட்டன். அவர் கேட்டது இரண்டு கேள்விகள். அந்தக் கிராமம் எங்கே இருக்கிறது? சாதி என்ற கட்டத்தில் எழுதியிருக்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம்? எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை என்று எழுதியிருந்தார்.

முதல் கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுதிவிட்டேன். இரண்டாவதற்கு இரண்டு நாள் ஆனது. அது என் சாதியும்தான்.

தோழர்களே, இந்தக் கட்டுரை ஒரு வேலையைப் பற்றியது. குடும்பங்களின் கொடிவழியை ஆவணங்களிலிருந்தும் வாய்மொழியிலிருந்தும் தேடி எடுத்து, ஆதாரத்தோடு எழுதித் தரும் வேலை. வெளிநாடுகளில் இதைத் தொழிலாகச் செய்கிறார்கள். நம் ஊரில் இதற்கு ஆள் மிகக் குறைவு. நம்மவர்கள் இன்னும் குறைவு. அந்த இடத்துக்கு வேறு யாராவது வந்து உட்காருவதற்கு முன்னால் நாம் போக வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அந்தக் கிராமத்துக்குப் போனேன். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. போளூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலனியிலேயே மூத்தவர் ஒரு ஆயா. கப்பலுக்குப் போனவர்கள் யாராவது உண்டா என்று மட்டும் கேட்டேன்.

"போனவன் ஒருத்தன் உண்டுன்னு எங்க மாமியாக்காரி சொல்லுவா. ஆண்டை வீட்ல அடிவாங்கி மூஞ்சில தழும்போட போனானாம். பேரு மட்டும் கேக்காத கண்ணு. அதே பேருதான் எங்க மாமனாருக்கும். நான் வாயால சொல்லமாட்டேன்."

தழும்பைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பேரனைக் கூப்பிட்டு அவன் வாயால் பெயரைச் சொல்ல வைத்தார். பட்டியலில் இருந்த பெயர்தான். எந்தக் கன்னம் என்று கேட்டேன். "நான் என்னத்த கண்டேன்" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. வெளிநாட்டுக்காரர் சொந்தம் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு இன்னும் மூன்று குடும்பங்கள் வந்து, கப்பலுக்குப் போனவர் எங்கள் தாத்தாதான் என்றன. யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுதும்போது, "இந்த வகையறாவாக இருக்க வாய்ப்பு அதிகம், அப்பன் பெயரை உறுதிசெய்ய முடியவில்லை" என்றுதான் எழுதினேன். அலெக்ஸ் ஹேலியின் "ரூட்ஸ்" 1976ல் வந்து உலகத்தையே உலுக்கியது. பிறகு வந்த ஆய்வாளர்கள் ஆவணங்களைப் புரட்டிப் பார்த்து, அவர் சொன்ன வம்சவரிசையில் பல கண்ணிகள் பொருந்தவில்லை என்று காட்டினார்கள். தேடி வருகிறவன் என்ன கேட்க ஆசைப்படுகிறானோ அதையே ஊரும் சொல்லும். ஆப்பிரிக்காவிலும் அப்படித்தான், போளூரிலும் அப்படித்தான். அதைப் பிரித்தறியத் தெரிந்தவருக்குத்தான் இந்த வேலை.

டர்பன்காரர் 15,000 ரூபாய் அனுப்பினார். வாங்கக் கூச்சமாக இருந்தது. சமூகப் பணி செய்கிற பெண் இதற்குக் காசு வாங்கலாமா? பிறகு கணக்குப் போட்டேன். நான்கு நாள் விடுப்பு, பேருந்துக் கட்டணம், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஒரு நாள். நம் உழைப்பை மட்டும் எப்போதும் சேவையாக்கிவிடுவது யார் பழக்கிவிட்ட பழக்கம் என்று யோசித்தேன். வாங்கிக்கொண்டேன்.

யாருக்கு வம்சம் உண்டு?

திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் குலத்தைச் சூரியனிலிருந்து தொடங்குகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நம் ஆட்களும் இருக்கிறார்கள், எப்படி? "பறைச்சேரி", "தீண்டாச்சேரி" என்று, வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில். அரசனுக்குச் சூரியன் வரை முப்பாட்டன். நமக்கு ஒரு ஆளின் பெயர்கூட இல்லை, சேரியின் பெயர் மட்டும்.

அந்த வம்சாவளிகளும் பல நேரம் சொல்லிச் செய்தவைதான். 1674ல் சிவாஜி முடிசூட வேண்டியிருந்தபோது, அவர் சத்திரியரே இல்லை என்று உள்ளூர்ப் பிராமணர்கள் மறுத்தார்கள். காசியிலிருந்து காகபட்டர் வந்தார். மேவார் சிசோதியா ராஜபுத்திரர் வழி என்று வம்சாவளி வந்து சேர்ந்தது. முடிசூட்டு நடந்தது, தட்சிணை பாய்ந்தது. அம்பேத்கர் 1946ல் எழுதிய "சூத்திரர்கள் யார்?" நூலில் இந்தக் கதையை விரிவாகப் பேசுகிறார். காசு கொடுத்தால் சூரியனும் தாத்தா ஆவான்.

இன்று நம் தெருக்களிலும் "ஆண்ட பரம்பரை" என்று பேனர் கட்டும் தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய வலி எனக்குப் புரிகிறது. ஆனால் எதிரியின் அளவுகோலைக் கடன் வாங்கித்தான் நம் உயரத்தை அளக்க வேண்டுமா? அடிபட்ட தழும்போடு 22 வயதில் கடல் தாண்டிய ஒருவன் பாட்டனாக இருப்பதில் என்ன குறைச்சல்?

கொடிவழி சோறு போடும் இடங்கள்

இதை ஓய்வுபெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு மூன்று இடங்களைக் காட்டுகிறேன்.

ஒன்று, நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891ல் நம் மக்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892 செப்டம்பரில் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று பேசுகிறோம். பத்து வருடத்துக்கு யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. 1994ல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரைக் கொடுத்தது இதற்காகத்தான். இன்றைக்கு ஒரு மனுவோடு போனால் எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? "உங்க தாத்தா அன்னைக்கே வித்துட்டாரு." எந்தத் தாத்தா? யாருக்கு? அந்த ஆளின் சாதி என்ன? 1980களில் நடந்த யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டில் யார் பெயர் இருந்தது, அவருக்கும் மனுதாரருக்கும் என்ன உறவு? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்வது கொடிவழி. வழக்கறிஞர் கடைசியில்தான் வருவார். அவருக்கு முன்னால் யாராவது ஒருவர் ஏ பதிவேட்டையும் செட்டில்மென்ட் பதிவேட்டையும் வில்லங்கச் சான்றையும் ஆயாவின் பேச்சையும் ஒரே தாளில் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும்.

இரண்டு, குடியுரிமை. 1948ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அங்கே பிறந்தால் போதாது என்றது. அப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்தவருக்கு எந்தப் பத்திரம் இருந்தது? சுமார் ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும்பகுதி நம் மக்கள் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தலைமுறைக்கான காகிதம் இல்லாததால் ஒரு மக்கள்கூட்டமே தெருவில் நின்றது. இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. மொரீஷியஸிலிருக்கும் இந்திய வம்சாவளியினர் ஏழாம் தலைமுறை வரை வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை பெறலாம் என்று 2024ல் அறிவித்தார்கள். காகிதம் தேடி அங்கிருந்து ஆட்கள் வருவார்கள். யாரிடம் வருவார்கள்?

மூன்று, சாதிச் சான்றிதழ். அப்பா ஊர்விட்டு ஊர் பிழைக்கப் போனவர், அம்மாவுக்குப் பள்ளிக்கூடமே தெரியாது, பிள்ளைக்குக் கல்லூரிச் சேர்க்கைக்கு இன்னும் நான்கு நாள். "முன்னோர் ஆவணம் எங்கே?" என்று அலுவலகத்தில் கேட்பார்கள். தாத்தா இரண்டாம் வகுப்பு படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி போதும். அந்த வரி இருக்கிறது என்று தெரிந்தவர் வேண்டும்.

எங்கே தேடுவது?

நமக்கு ஆவணமே இல்லை என்பது பாதி உண்மை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871லிருந்து நடக்கிறது. அதில் நமக்குக் கிடைப்பது எண்ணிக்கை, ஆட்களின் பெயர்கள் இல்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் இதே சுவர் இருந்தது. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகள் எஜமானனின் பெயருக்குக் கீழே வயதாகவும் பாலாகவும் நிறமாகவும் மட்டும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் பெயரோடு வருவது 1870ல்தான். அவர்கள் அங்கே நின்றுவிடவில்லை. எஜமானனின் உயில், விற்பனைச் சீட்டு, கடன் பத்திரம் என்று அவனுடைய காகிதங்களுக்குள் புகுந்து தங்கள் பாட்டிகளைக் கண்டுபிடித்தார்கள். 1977ல் தங்களுக்கென்று ஒரு வரலாற்று, வம்சாவளி ஆய்வுச் சங்கமே தொடங்கினார்கள்.

நாமும் அப்படித்தான் தேட வேண்டும். மிராசுதாரின் பத்திரம், அடிமை ஓலை, பண்ணைக் கணக்கு. ஆ. சிவசுப்பிரமணியனின் "தமிழகத்தில் அடிமை முறை" படித்தவர்களுக்கு அந்த ஓலைகள் எப்படி இருக்கும் என்று தெரியும். தேவாலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள்: தரங்கம்பாடியில் 1707ல் சீகன்பால்கு முதலில் ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் டேனிஷ்காரர் வீடுகளில் இருந்த அடிமைகள். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன 1,52,184 பேரின் பட்டியல். மொரீஷியஸ், மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் ஒப்பந்தக் கூலி ஆவணங்கள். அங்கே சிலருக்குப் புகைப்படம்கூட உண்டு. பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகள். தாயகம் திரும்பிய மலையகக் குடும்பங்களின் குடும்ப அட்டைகள்.

காகிதத்துக்கு வெளியிலும் ஆவணம் உண்டு. கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு வசூலித்த தலைக்கட்டு வரி நோட்டு ஒவ்வொரு காலனியிலும் யார் வீட்டுப் பெட்டியிலாவது இருக்கும். எந்தக் குலதெய்வம், யார் யார் பங்காளி என்று கேட்டால் வகையறா பிரிந்துவரும். பூவாடைக்காரிக்குப் படையல் போடும்போது எந்தப் பாட்டியை நினைத்துப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பெண்கள் அங்கே இருக்கிறார்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால் இரண்டு தலைமுறையைக் குழப்பிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாத மருமகளிடம் பெயர் கேட்கும் விதமும் ஒரு தொழில்நுட்பம்தான்.

எம்.ஏ.வில் உறவுமுறை பற்றி ஒரு தாள் முழுக்கப் படித்தேன். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் நீலகிரித் தோடர்களிடம் கொடிவழி கேட்டு எழுதி 1906ல் புத்தகம் போட்டார், 1910ல் அதை ஒரு ஆய்வு முறையாகவே அறிவித்தார். தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். என் ஆயாவின் அம்மா பெயர் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டு வருடப் படிப்பில் யாரும் எங்களைக் கேட்கச் சொல்லவும் இல்லை.

சட்டம் ஒன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, அதை மாற்றிவந்த புதிய சட்டத்தில் 26ஆம் பிரிவு. இறந்துபோன ஒருவர், உறவு விவரம் தெரிந்தவராக இருந்து, தகராறு கிளம்புவதற்கு முன்னால் சொல்லிவைத்த உறவுமுறைக் கூற்று வழக்கில் எடுத்துக்கொள்ளத்தக்கது. தகராறுக்கு முன்னால் என்பதுதான் முக்கியம். இன்றைக்கு உங்கள் ஆயா பேசுவதைத் தேதியோடு பதிவு செய்து வைத்தால் அது நினைவு மட்டுமில்லை, நாளைக்கு அது சாட்சி.

தொழிலாகச் செய்வது

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதை மட்டும் நம்பி நான் வாழவில்லை. வேலை பார்த்துக்கொண்டே மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ எடுக்கிறேன். வெளிநாட்டு வம்சாவளியினரிடம் நாள் கணக்கில் கட்டணம் வாங்குகிறேன், பாதி முன்பணம். கண்டுபிடித்தால் இவ்வளவு என்று பேசுவதே இல்லை. முடிவுக்குக் காசு வாங்கினால் முடிவும் விலைக்கு வந்துவிடும். காகபட்டர் வேலை நமக்கு வேண்டாம். நில வழக்குக்கும் சான்றிதழுக்கும் நம் மக்களிடம் வாங்குவதில்லை. அந்தச் செலவை இந்தக் கட்டணம் சுமக்கிறது.

கற்றுக்கொள்ள வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பழைய பத்திரக் கையெழுத்தும் தமிழ் எண்களும் படிக்க வேண்டும். பசலி ஆண்டோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்பது போன்ற கணக்குகள் தெரிய வேண்டும். தகவல் உரிமை மனு எழுத வேண்டும். ஒவ்வொரு உறவுக்கும் என்ன ஆதாரம், அது எவ்வளவு பலமானது என்று பக்கத்திலேயே குறிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, திண்ணையில் உட்கார்ந்து ஒரு ஆயா பேசி முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு அனுகூலம் உண்டு. கொடுத்த தண்ணீரைக் குடிக்கிறவரிடம்தான் ஆயா மனம்விட்டுப் பேசுவார்.

செய்யக் கூடாதது

போன வருடம் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. திருமணத் தகவல் மையம் நடத்துகிறவர். "நீங்க ஃபேமிலி ஹிஸ்டரி எடுப்பீங்களாமே மேடம். பெரிய இடங்கள்ல கேக்கறாங்க. வரன் வீட்டோட பூர்வீகம் மட்டும் விசாரிச்சுக் கொடுத்தா போதும்." ஒரு குடும்பத்துக்கு அவர் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளம். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. முடியாது என்றேன். வைத்த பிறகும் கை நடுங்கியது. அந்தத் தொகைக்குச் சரி சொல்ல ஆள் கிடைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

ஜப்பானில் இது நடந்து முடிந்த கதை. புராக்கு மக்களின் இழிநிலை சட்டப்படி ஒழிந்தது 1871ல். அடுத்த வருடமே வந்த குடும்பப் பதிவேட்டில் சில இடங்களில் அவர்களைப் "புதிய குடிமக்கள்" என்று குறித்துவைத்தார்கள். அந்த ஒரு குறிப்பை வைத்து நூறு வருடத்துக்குப் பிறகும் துப்பறிவாளர்கள் கல்யாணத்தையும் வேலையையும் கெடுத்தார்கள். 1968ல் அந்தப் பதிவேட்டையே மூடி முத்திரை வைக்க வேண்டியிருந்தது. 1975ல், புராக்கு ஊர்ப்பெயர்களைத் தொகுத்த புத்தகம் நிறுவனங்களுக்கு ரகசியமாக விற்கப்பட்டது அம்பலமானது. கொடிவழி இரண்டு பக்கமும் கூரான கத்தி. ஆணவக்கொலை நடக்கிற நாட்டில், ஊரை மறைத்து நகரத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தை வெளியே எடுப்பது ஆராய்ச்சி ஆகாது. அது காட்டிக்கொடுப்பது.

அதனால் எனக்கு ஒரே விதி. ஒரு குடும்பத்தின் கதை அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே சொந்தம். அவர்கள் கேட்டால் தேடுவேன், அவர்களிடம் மட்டும் கொடுப்பேன். அடுத்த வீட்டுக்காரன் கேட்டு எடுக்க மாட்டேன். கல்யாணத்துக்கு எடுக்கவே மாட்டேன்.

ஒரு தோழர் கேட்டார்: "சாதியை ஒழிக்கணும்னு சொல்றோம். நீங்க போய் வம்சத்தைத் தோண்டறீங்களே அக்கா?" நியாயமான கேள்வி. சாதி நமக்குக் கூட்டமாக ஒரு பெயரைக் கொடுத்து ஒவ்வொருவரின் பெயரையும் எடுத்துக்கொண்டது. நான் தேடுவது அந்த ஒவ்வொரு பெயரை. தன் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் துரையிடம் வேலைபார்த்தவர், எல்லிஸ் துரைக்குத் திருக்குறள் ஓலையைக் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று அயோத்திதாசர் எழுதிவைத்தார். பேரன் எழுதியிராவிட்டால் குறள் அச்சேறிய வரலாற்றில் கந்தப்பன் இருந்திருக்க மாட்டார். அது குலப்பெருமை இல்லை. திருடுபோனதைத் திரும்ப வாங்குவது.

டர்பன்காரருக்கு நான் கடைசியில் என்ன எழுதினேன் என்று சொல்லவில்லையே. அந்தச் சொல்லின் அர்த்தத்தை எழுதினேன். யார் அதை எங்கள் மேல் வைத்தார்கள், அதற்குள் என்னென்ன வேலைகளை அடக்கினார்கள், அதை எதிர்த்து யார் யார் நின்றார்கள் என்று எழுதினேன். முடிவில், "இந்தச் சொல் என் தாத்தாவின் பள்ளிப் பதிவேட்டிலும் இருக்கிறது" என்று சேர்த்தேன். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு வரி வந்தது: அப்படியென்றால் நீங்கள் எனக்கு என்ன முறை ஆக வேண்டும்?

அதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினேன். தங்கச்சி என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள் உங்கள் வீட்டின் மூத்த பெண்ணிடம் உட்காருங்கள். போனில் பதிவை ஓடவிட்டு, அவர் சம்மதத்தோடு, தேதி சொல்லி ஆரம்பியுங்கள். உன் அம்மா பேர் என்ன, அவங்க அம்மா பேர் என்ன என்று கேளுங்கள். என் ஆயாவிடம் நான் கேட்கப் போனபோது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. என் கொடிவழியில் அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

ஜெய் பீம்.